கன்று வீச்சு நோய்க்கு ரோஸ் பெங்கால் டெஸ்ட்: எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறவை மாடு பார்க்கிற எந்தக் கால்நடை மருத்துவரின் ஐஸ் பெட்டியிலும் ஒரு ரோஸ் பெங்கால் ஆன்டிஜென் பாட்டில் இருக்க வேண்டும். நான் ஈரோடு பக்கம் மாடு, எருமை, வெள்ளாடு பார்க்கிறவன். சினை மாடு நாள் நிறையாமல் கன்றை வீசிவிடுகிற புருசெல்லோசிஸ் என்கிற கன்று வீச்சு நோயைக் கண்டுபிடிக்க இப்போது ரேபிட் கார்டு, எலைசா, பி.சி.ஆர். என்று நிறைய வந்துவிட்டன. சிலவற்றை நானே செய்திருக்கிறேன், மற்றவற்றை லேபுக்கு அனுப்பி முடிவு வாங்கியிருக்கிறேன். அத்தனைக்கும் அப்புறமும் முதல் டெஸ்ட் எது என்று கேட்டால் இந்தச் சின்ன பாட்டிலைத்தான் காட்டுவேன். ஆனால் அது சொல்வதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் நல்ல மாட்டைத் தள்ளிவிட்டு நோய் மாட்டை வைத்துக்கொள்ள நேரும், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்த நோய் மாட்டோடு நிற்பதில்லை, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர், பால் கறக்கிறவர், பச்சைப் பால் குடிக்கிறவர் எல்லோருக்கும் வரும். ஆகவே மனிதர்களுக்கான டெஸ்டுகளையும் இதே பதிவில் சேர்த்திருக்கிறேன்.

நோயைப் பற்றி தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சினை மாடு ஐந்து மாதத்துக்கு மேல், பெரும்பாலும் ஏழு எட்டு மாதத்தில், கன்று வீசும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கும், அடுத்த சினை பிடிக்க இழுத்தடிக்கும். இதைவிட மோசம் என்னவென்றால், ஒரு முறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் ஒழுங்காகக் கன்று போட்டுவிடும். பண்ணைக்காரர் 'சரி, ஏதோ சூடு, போன வருஷத்தோடு போச்சு' என்று நிம்மதியாகிவிடுவார். ஆனால் அந்த மாடு பாலிலும், கன்று போடும்போது வருகிற நீரிலும், நஞ்சிலும் கிருமியை விட்டுக்கொண்டேதான் இருக்கும். வெளியே பார்த்தால் நல்ல தெம்பான மாடு. டெஸ்ட் ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனி பாட்டிலுக்கு வருவோம். உள்ளே இருப்பது, மாட்டில் இந்த நோயைத் தருகிற புருசெல்லா அபார்ட்டஸ் கிருமிகள், கொல்லப்பட்டவை. இவற்றைத்தான் ஆன்டிஜென் என்கிறோம். அவற்றுக்கு ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றி, பி.எச். 3.65 அளவுள்ள அமிலக் கரைசலில் வைத்திருப்பார்கள். மாட்டின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடி இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இளஞ்சிவப்புத் துகளாகத் திரளும், இல்லாவிட்டால் கரைசல் சீராகவே இருக்கும். அந்த அமிலத்தன்மைதான் இதன் சூட்சுமம். வேறு ஏதோ காரணத்தால் ரத்தத்தில் இருக்கிற ஐ.ஜி.எம். வகை ஆன்டிபாடிகள் வேண்டாமல் வந்து ஒட்டுவதை அது பெருமளவு தடுத்துவிடுகிறது, ஐ.ஜி.ஜி. என்கிற இன்னொரு வகை ஆன்டிபாடி நன்றாக வேலை செய்கிறது. சாயத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், அது நம் கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான், டெஸ்டின் உயிர் அந்த அமிலத்தில் இருக்கிறது. பி.எச். மாறிப்போன பழைய பாட்டிலை வைத்து டெஸ்ட் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

செய்முறை எளிது. 30 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு தெளிந்து பிரிகிற நீர்), அதே அளவு ஆன்டிஜென், வெள்ளைத் தட்டு அல்லது கண்ணாடித் தட்டில் விட்டு, குச்சியால் சுமார் 2 சென்டிமீட்டர் வட்டமாகக் கலந்து, தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே 4 நிமிடம். 4 நிமிடம் முடிந்த உடனே பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு திரண்டிருந்தால் பாசிட்டிவ். இதில் ஆட்கள் எங்கே சொதப்புகிறார்கள் என்றால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஆன்டிஜெனை அப்படியே சில்லென்று விட்டுவிடுவார்கள். ஆன்டிஜெனும் சீரமும் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகுதான் டெஸ்டைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, தட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டு வந்து பார்ப்பது. நம் ஊர் சித்திரை வெயிலில் ஓரம் காய்ந்து திரண்டது போலவே தெரியும், அது பாசிட்டிவ் ஆகாது. மூன்றாவது, ஃப்ரீசரில் வைத்த பாட்டில். ஆன்டிஜென் 4 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், உறையக் கூடாது, ஒரு முறை உறைந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். நான்காவது, ஒவ்வொரு முறையும் தெரிந்த பாசிட்டிவ் சீரம் ஒன்று, தெரிந்த நெகட்டிவ் சீரம் ஒன்று பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் விடுவது. இந்த நான்காவதைத்தான் நான் விடாப்பிடியாகச் சொல்வேன். பக்கத்தில் ஒப்பிட ஆள் இல்லாத டெஸ்ட் எதைச் சொன்னாலும் நம்புவதற்கில்லை.

வெள்ளாடு, செம்மறிக்கு ஒரு மாற்றம் உண்டு. ஆடுகளில் இதே அளவில் போட்டால் சில நோய் ஆடுகள் தப்பிவிடும். அதனால் சீரத்தைக் கூட்டி 75 மைக்ரோலிட்டர், ஆன்டிஜென் 25 மைக்ரோலிட்டர் என்று போடச் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் போடுகிறேன். பெட்டியோடு வருகிற கையேட்டில் பல சமயம் இது இருப்பதில்லை. ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறவர்கள் உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் ஆட்டில் வருகிற புருசெல்லா மெலிட்டென்சிஸ்தான் மனிதர்களைக் கடுமையாகப் படுத்துகிற வகை.

விலை விஷயத்தில் குறையே இல்லை. ஒரு மாட்டுக்குக் கணக்குப் போட்டால் சில ரூபாய்தான் ஆகும், ரத்தம் எடுக்கிற ஊசி, டியூப் செலவு அதைவிடக் கூட வரலாம். வாங்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு முறை ஆன்லைனில் ஆர்டர் போட்ட பாட்டில் ஐஸ் முழுக்க உருகி, தெர்மகோல் பெட்டிக்குள் வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தது, ஒப்பிட்டுப் பார்க்கிற கன்ட்ரோல் சீரமும் சேர்த்து அனுப்பவில்லை. கேட்டால் 'ஒன்றும் ஆகாது சார், எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்' என்று பதில். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தயாரித்த தேதி, பேட்ச் எண், காலாவதித் தேதி, குளிரில் வந்ததா என்று பார்த்து வாங்குங்கள். இந்த மாதிரிப் பொருளில் பில்லைவிட இதுதான் முக்கியம்.

அடுத்து, இந்த டெஸ்ட் எங்கே ஏமாற்றும் என்று பார்ப்போம். நோய் இப்போதுதான் தொற்றிய மாட்டில் ஆன்டிபாடி இன்னும் வந்திருக்காது. கன்று போடும் சமயத்தை ஒட்டி ரத்தத்தில் இருக்கிற ஆன்டிபாடி சீம்பாலுக்குப் போய்விடுவதால், அந்த வாரங்களில் நோயுள்ள மாடுகூட நெகட்டிவ் காட்டலாம். கன்று வீசிய அன்றே ரத்தம் எடுத்து நெகட்டிவ் என்று வந்தால் நான் அதை நம்புவதில்லை, மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வேன். இன்னொரு வகை இருக்கிறது, இதுதான் பண்ணைகளை உள்ளிருந்தே கெடுப்பது. நோய்த் தாய்க்குப் பிறந்த கிடேரிகளில் சில, கிருமியை உள்ளே வைத்துக்கொண்டு, தான் முதல் கன்று வீசும் வரையோ போடும் வரையோ எந்த டெஸ்டிலும் பிடிபடாது. அதனால் 'ஒரு முறை முழுப் பண்ணையும் டெஸ்ட் பண்ணிட்டோம், எல்லாம் நெகட்டிவ்' என்கிற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. வீச்சு நடந்த பண்ணையில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நோயே இல்லாமல் பாசிட்டிவ் காட்டுவது. யெர்சினியா என்டரோகோலிட்டிகா ஓ:9 என்று ஒரு குடல் கிருமி, அதன் மேலோட்டுச் சர்க்கரை புருசெல்லாவுடையதைப் போலவே இருப்பதால், அது தொற்றிய மாட்டின் சீரமும் திரளும். சீம்பால் குடித்த கன்றுகளில் தாயின் ஆன்டிபாடி சில மாதம் இருக்கும், அதுவும் பாசிட்டிவ் காட்டும். ஆனால் நம் நாட்டில் இன்றைக்குப் பெரிய குழப்பம் தடுப்பூசியால்தான்.

2019 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு புருசெல்லோசிஸும் இருக்கிறது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை, எஸ்19 என்கிற உயிருள்ள தடுப்பூசி. நல்ல திட்டம், நான் முழுமனதாக ஆதரிக்கிறேன், தயங்காமல் போடுங்கள். ஆனால் அந்த ஊசி உண்டாக்குகிற ஆன்டிபாடியும் ரோஸ் பெங்காலில் திரளும். கன்று வயதில் போட்டிருந்தால் பெரும்பாலான கிடேரிகளில் அது வளர வளரக் குறைந்துவிடும், சிலவற்றில் நீடித்து நிற்கும். வளர்ந்த மாட்டுக்குப் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம், எது ஊசி, எது நோய் என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே டெஸ்டுக்கு முன்னால் காதில் இருக்கிற 12 இலக்க எண்ணைப் பார்த்து, எந்த வயதில் ஊசி போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் யாராவது பாசிட்டிவ் என்று எழுதிக்கொடுத்தால், அந்தக் காகிதத்தை வைத்து மாட்டை விற்கவோ ஒதுக்கவோ முடிவெடுக்காதீர்கள். சில நாடுகளில் ஆர்.பி.51 என்று இன்னொரு தடுப்பூசி போடுகிறார்கள். அதில் அந்த மேலோட்டுச் சர்க்கரை இல்லாததால் இந்த டெஸ்டில் குழப்பம் வராது, ஆனால் ஊசி போடுகிறவர் கையில் தவறிக் குத்திக்கொண்டால் மனிதருக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யாது. எஸ்19-ம் தவறிக் குத்தினால் மனிதருக்கு நோய் தரும். கன்றுகளுக்குப் போடுகிற நம் ஆட்கள் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி. நாயில் வருகிற புருசெல்லா கேனிஸுக்கும், செம்மறிக் கிடாவில் வருகிற புருசெல்லா ஓவிஸுக்கும் ரோஸ் பெங்கால் உதவாது. அவற்றுக்கு வேறு ஆன்டிஜென் உண்டு. நாய்ப் பண்ணைக்காரர்கள் மாட்டுக்கான பாட்டிலை வைத்து டெஸ்ட் பண்ணி 'கிளீன்' என்று குட்டி விற்பது சரியில்லை.

ரேபிட் கார்டு பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். கர்ப்பம் பார்க்கிற கார்டு மாதிரி, சொட்டு விட்டால் கோடு வரும். சந்தையில் மாடு வாங்கும்போது, கொட்டகை வாசலில் நின்றுகொண்டே பார்க்க இது வசதி. சில கார்டுகளுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், ரத்தத்தையே விடலாம், சீரம் பிரிக்கக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று மாடு மட்டும் வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு பாட்டில் ஆன்டிஜென் உடைப்பதைவிட இது புத்திசாலித்தனம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஒரு கார்டின் விலையில் ரோஸ் பெங்காலில் பல மாடுகள் பார்த்துவிடலாம். இன்னொன்று, பெரும்பாலான கார்டுகள் பிடிப்பதும் அதே மேலோட்டுச் சர்க்கரைக்கான ஆன்டிபாடியைத்தான், அதனால் எஸ்19 குழப்பமும் யெர்சினியா குழப்பமும் கார்டிலும் அப்படியே இருக்கும். '100 சதவீதம் துல்லியம்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தால், எந்த நாட்டு மாடுகளில், எந்த டெஸ்டோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். நான் கேட்ட சிலரிடம் பதிலே இல்லை.

பால் சொசைட்டிக்காரர்களுக்கு நான் மனதார சிபாரிசு செய்வது பால் வளைய டெஸ்ட். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஒரு மில்லி பாலில் ஒரு சொட்டு நீலச் சாயம் ஏற்றிய ஆன்டிஜென் விட்டுக் கலக்கி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், ஆன்டிபாடி இருக்கிற பாலில் சாயம் முழுக்க ஆடையோடு மேலே ஏறி நீல வளையமாக நிற்கும், அடியில் பால் வெள்ளையாகத் தெரியும். ஆன்டிபாடி இல்லாவிட்டால் பால் முழுக்க நீலமாகவும் ஆடை வெள்ளையாகவும் இருக்கும். ஒரு பண்ணையின் மொத்தப் பாலை இப்படி அவ்வப்போது பார்த்தால், எந்தப் பண்ணையில் போய் ரத்தம் எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும், மீதி வேலையை ரோஸ் பெங்கால் பார்த்துக்கொள்ளும். மடிநோய்ப் பால், சீம்பால், பால் வற்றப்போகிற மாட்டுப் பால் இதில் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். மிகப் பெரிய மந்தையின் பால் ஒன்றாகக் கலந்தால் ஒரே ஒரு நோய் மாடு நீர்த்துப்போய்த் தப்பவும் கூடும். ஆட்டுப் பாலுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

சீரத்தில் இருக்கிற ஆன்டிபாடியை மிஷின் வைத்து அளக்கிற எலைசா நல்ல டெஸ்ட், ஆனால் அது லேபுக்கானது. ஒரே தட்டில் தொண்ணூறு சொச்சம் சீரம் பார்க்கலாம், கண்ணால் பார்த்து 'திரண்ட மாதிரியும் இருக்கு, திரளாத மாதிரியும் இருக்கு' என்று இழுக்க வேண்டியதில்லை, மிஷின் எண்ணாகக் கொடுக்கும். பெங்களூரு யெலஹங்காவில் இருக்கிற நிவேதி என்கிற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. கால்நடைகளுக்கான எலைசா கிட்டும் உருவாக்கியிருக்கிறார்கள். போட்டி எலைசா என்று ஒரு வகை இருக்கிறது, தடுப்பூசி ஆன்டிபாடியையும் நோய் ஆன்டிபாடியையும் பிரிப்பதில் இது மற்றவற்றைவிடப் பரவாயில்லை, முழுக்கப் பிரித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ரோஸ் பெங்காலில் பாசிட்டிவ் ஆன சீரத்தை உறுதி செய்ய எலைசாவுக்கு அனுப்புவது, இதுதான் என் வழக்கம்.

கிருமியையே வளர்த்துக் காட்டுகிற கல்ச்சர்தான் கடைசிச் சாட்சி. வீசிய கன்றின் இரைப்பை நீர், நுரையீரல், நஞ்சுக்கொடி இவற்றில் கிருமி நிறைய இருக்கும். ஆனால் இதைச் சாதாரண லேபில் யாரும் தொடக் கூடாது. ஆய்வுக்கூடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வேலையிலேயே தொற்றுகிற பாக்டீரியா நோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறது, மூச்சோடு உள்ளே போன கொஞ்சம் கிருமியே போதும். 2019-ல் சீனாவின் லான்ஜோவில் கால்நடைத் தடுப்பூசி செய்கிற ஒரு தொழிற்சாலையில் காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதால் கிருமி கழிவுக் காற்றோடு வெளியேறி, கடைசியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பாசிட்டிவ் வந்தது. மூன்றாம் நிலைப் பாதுகாப்பு இருக்கிற கூடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். கிருமியின் மரபணுவைத் தேடுகிற பி.சி.ஆர். அதற்கு நல்ல மாற்று. வீசிய கன்றின் திசுவில் நன்றாக வேலை செய்கிறது, எந்த இனம் என்றும் பிரித்துச் சொல்லும், மாட்டின் ரத்தத்தில் மட்டும் கிருமி எப்போதும் இருக்காது என்பதால் அங்கே நெகட்டிவ் வந்தால் நிம்மதி அடைய வேண்டாம்.

இனி மனிதர்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மாட்டுக்கும் மனிதனுக்கும் இந்த நோய் ஒன்றுதான் என்று தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1887-ல் மால்ட்டா தீவில் டேவிட் புரூஸ் என்கிற ராணுவ மருத்துவர் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். 1897-ல் ஆல்ம்ரோத் ரைட் ரத்தத்தில் திரள் டெஸ்ட் கொண்டுவந்தார். அதே வருடம் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் மாட்டில் கன்று வீச்சுக்குக் காரணமான கிருமியைக் கண்டார். ஆனால் மால்ட்டாவில் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று பல வருடம் தெரியவே இல்லை. 1905-ல் தெமிஸ்டாக்ளிஸ் ஜம்மிட் என்கிற அந்த ஊர் மருத்துவர் அதே திரள் டெஸ்டை நன்றாகத் திரிந்துகொண்டிருந்த வெள்ளாடுகளின் ரத்தத்தில் போட்டுப் பார்த்தார், திரண்டது. ஆட்டுப் பால்தான் காரணம் என்று தெரிந்து, 1906-ல் சிப்பாய்களுக்கு அதை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. மனிதனுக்குக் கண்டுபிடித்த டெஸ்டை ஆட்டுக்குப் போட்டதால் மனிதன் பிழைத்தான். இன்றைக்கு நம் ஊரில் மாட்டுக்கு வந்த ரிப்போர்ட் மாட்டு டாக்டர் பையில், மனிதனுக்கு வந்த ரிப்போர்ட் ஆஸ்பத்திரி ஃபைலில். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

எனக்குத் தெரிந்த பால்காரர் ஒருவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற வியர்வை, இடுப்பைப் பிடித்துக்கொள்கிற வலி. ஒரு கிளினிக்கில் விடால் டெஸ்ட் போட்டு டைபாய்டு என்று ஊசி மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்து மறுபடி வந்தது. அவர் வீட்டு மாடு சில மாதம் முன்பு கன்று வீசியிருந்தது, நஞ்சைக் கையாலேயே எடுத்தவர் அவர்தான். ஆனால் 'மாடு வைத்திருக்கிறீர்களா' என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் எழுதிக்கொடுத்த சீட்டோடு வேறொரு மருத்துவரிடம் போன பிறகுதான் புருசெல்லா டெஸ்டே போட்டார்கள். முதுகெலும்பில் இறங்கினால் இன்னும் கஷ்டம், எலும்பு டி.பி. போலவே தெரியும். டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் இதற்கும் கொஞ்சம் வேலை செய்வதால், பாதி குணமாகி நோய் மறைந்துகொள்ளும். ஆண்களுக்கு விதை வீங்கும், கர்ப்பிணிகளுக்குக் கரு கலையலாம். 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 21 லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறது என்று மதிப்பிட்டிருக்கிறது. முன்பு எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது 5 லட்சம்.

மனிதர்களுக்கு லேபுகளில் பொதுவாகப் போடுவது டியூப் திரள் டெஸ்ட். சீரத்தை 160 மடங்கு நீர்த்த பிறகும் திரண்டால், அதாவது 1:160 அல்லது அதற்கு மேல் என்றால், அறிகுறியும் இருந்தால், நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் விட்டு எடுத்த இரண்டாவது ரத்தத்தில் நான்கு மடங்கு ஏறியிருந்தால் இன்னும் உறுதி. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால் குறைந்த நீர்ப்பில் திரளாமல் நெகட்டிவ் போலக் காட்டும். சோம்பல்பட்டு முதல் இரண்டு மூன்று டியூபோடு நிறுத்திவிடுகிற லேபில் கடும் நோயாளிகூட 'இல்லை' என்று வீட்டுக்கு வந்துவிடுவார். 2-மெர்காப்டோஎத்தனால் சேர்த்துப் போடுகிற இன்னொரு வகை, ஐ.ஜி.எம்.மை உடைத்துவிட்டு ஐ.ஜி.ஜி.யை மட்டும் காட்டும், நோய் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உதவும். நாள்பட்ட நோயில் சாதாரண டியூப் டெஸ்ட் கோட்டைவிட்டாலும் கூம்ப்ஸ் என்கிற இன்னொரு டெஸ்ட் முறை பிடிக்கும். அபார்ட்டஸ், மெலிட்டென்சிஸ் என்று இரண்டு ஆன்டிஜென் போட்டு இரண்டு எண் கொடுக்கிற ரிப்போர்ட்டைப் பார்த்து 'இது ஆட்டுக் கிருமி, இது மாட்டுக் கிருமி' என்று முடிவு கட்டாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று திரளும்.

மனிதர்களுக்கும் ரோஸ் பெங்கால் போடலாமா? போடலாம். 2011-ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இந்த நோய்க்கு ஆளாகாத இடத்தில் வாழ்கிறவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அப்படியே நம்பலாம், எங்களைப் போல தினமும் மாட்டோடு புழங்குகிறவர்களுக்குச் சீரத்தை நீர்த்து நீர்த்துப் போட்டு எதுவரை திரள்கிறது என்று பார்த்தால் பழைய தொடர்பையும் இப்போதைய நோயையும் ஓரளவு பிரிக்கலாம் என்றார்கள். பெரிய மிஷின் எதுவும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான டெஸ்ட் எனக்குத் தெரிந்து இல்லை. ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

ரத்தக் கல்ச்சரும் மனிதர்களில் பயனுள்ளது. இப்போதைய தானியங்கி மிஷின்களில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிடுகிறது, எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் கிடைக்கிற வாய்ப்பு கூடுதல். கர்நாடகத்தின் விஜயபுராவில் மருத்துவர்கள் பல வருடம் விடாமல் தேடிப் பார்த்து, பெரியவர்களிலும் குழந்தைகளிலும் இந்த நோய் எத்தனை வேஷத்தில் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். தேடியதால் அங்கே கிடைத்தது, நம் பக்கம் இல்லை என்று நினைப்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ரத்தம் கொடுக்கும்போது சீட்டில் 'புருசெல்லா சந்தேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். அது நோயாளிக்கு மட்டும் இல்லை, லேபில் பாட்டிலைத் திறக்கப்போகிற தங்கைக்கும் தம்பிக்கும் பாதுகாப்பு.

நோய் உறுதியானால் டாக்ஸிசைக்ளின் 6 வாரம், கூடவே ரிஃபாம்பிசின் 6 வாரமோ ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி 2, 3 வாரமோ கொடுப்பது வழக்கம். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் வேறு, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். குணமான பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில் இருக்கும் என்பதால், பாசிட்டிவைப் பார்த்துப் பயந்து மறுபடி மறுபடி மருந்து சாப்பிடவும் கூடாது.

நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கிற பழக்கம் ஒரு பெரிய காவல். அதைக் கெடுக்கிற மாதிரி, வெள்ளாட்டுப் பாலைப் பச்சையாகக் குடித்தால் நெஞ்சுச்சளி போகும் என்று இப்போதும் சிலர் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். வேண்டாம். காய்ச்சிக் கொடுங்கள்.

பண்ணைக்காரர்கள் தாங்களே பாட்டில் வாங்கி வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். ரத்தம் எடுப்பது, கன்ட்ரோல் வைப்பது, ஊசிக் கணக்கைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்துதான் டெஸ்ட். உங்கள் மருத்துவரைப் போடச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் எந்த டெஸ்ட், எந்தத் தேதி, எந்த மாட்டின் காது எண் என்று எழுதி வாங்குங்கள். ஒரு தனியார் லேபிலிருந்து எனக்கு வந்த ரிப்போர்ட்டில் 'புருசெல்லா பாசிட்டிவ்' என்ற இரண்டு வார்த்தையைத் தவிர ஒன்றும் இல்லை, அதை வைத்து நான் என்ன செய்வது?

பாசிட்டிவ் உறுதியான மாட்டை என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் மெல்லிய குரலில் கேட்பது. ஆஸ்திரேலியா பல வருடம் டெஸ்ட் போட்டு, நோய் மாடுகளைக் கழித்து, 1989-ல் மாடுகளில் இந்த நோய் இல்லை என்று அறிவித்தது. இங்கே அப்படி இழப்பீடு கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பண்ணைக்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை, அதனால் பல மாடுகள் இரவோடு இரவாகச் சந்தைக்குப் போகின்றன. வாங்குகிறவரும் நம்மைப் போல ஒரு குடும்பம்தான், அந்த வீட்டிலும் பால் கறக்கப்போவது ஒரு அம்மாவோ பாட்டியோதான். தயவுசெய்து விற்காதீர்கள். தனியே கட்டி, கன்று போடும் இடத்தைப் பிரித்து, வீசிய கன்றையும் நஞ்சையும் கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சினை ஊசி மட்டும் போடுங்கள், ஊர்க் காளையிடம் விடாதீர்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 மாதம் ஆனதும் தடுப்பூசி. புது மாடு வாங்கினால் ரோஸ் பெங்கால் பார்த்து, ஒரு மாதம் தனியே கட்டி, மறுபடி பார்த்துவிட்டு மந்தையில் சேருங்கள்.

மாடு கன்று வீசிய வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலோ இடுப்பு வலியோ இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாட்டின் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் மேசையில் எடுத்து வையுங்கள்.